கஜி எழுதிய விலைகள்

லோரன்ஸ்கூக், நோர்வே
2 மார்ச் 2025

அன்பின் கஜிக்கு,

இந்த முறை சுகம் விசாரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. நீ ஒஸ்லோவுக்குத் திரும்பி வருவாயா?

கேட்டது நானல்ல, உன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஜெனிதா. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போன ஞாயிறு பியோர்ண்டாலில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவன் ஹரிசன் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் இருந்தாள். "அன்ரி, ஒண்டு கேட்டால் குறை நினைக்கமாட்டியளே? கஜி அக்கா திரும்பி வருவாவோ?" என்றாள். (உனக்கு அக்கா, எனக்கு அன்ரி. கவனித்தேன்.) தெரியாது பிள்ளை என்றேன். பேருந்தில் வரும்போதே உன்னைக் கேட்டு எழுதுவதென்று முடிவு செய்தேன்.

அவள் கேட்பதற்குக் காரணம் உண்டு. வீட்டுச் சங்கம் கடிதம் போட்டிருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல் வீட்டை வாடகைக்கு விட அனுமதி இல்லை. ஒக்டோபர் முடிவதற்குள் நீங்கள் வந்து குடியிருக்க வேண்டும், அல்லது விற்க வேண்டும். விற்றால் வாங்குவதற்கு அவர்கள் இருவரும் வங்கியோடு கதைத்து ஆயத்தமாக இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன்: இதை விற்றால் ஒஸ்லோவில் இன்னொரு வீடு உங்களால் வாங்க முடியாது. விலை ஏறுகிற வேகம் அப்படி. கையெழுத்து அதிகாரத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனதால் செய்யப்போவது நான். முடிவு உன்னுடையது.

போனில் இதைக் கதைக்க முடியவில்லை. நீ போனை மேசையில் நிறுத்திவைத்துவிட்டு வெங்காயம் வெட்டுகிறாய். பின்னால் மகேசன், "மச்சாள், இஞ்சை பெற்றோல் என்ன விலை தெரியுமோ?" என்கிறார். ஆகவே எழுது.

குளிருக்கு என் முழங்கால் முறைக்கிறது, வேறு வருத்தமில்லை. உன் இருமல் நின்றதா? சோபிகாவுக்குப் பெரியம்மாவின் முத்தம்.

அக்கா
சத்தியபாமா


ஃபோர்ட் வேய்ன், இந்தியானா
9 மார்ச் 2025

அன்புள்ள சத்தியாக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, குரல்தான் இன்னும் தவளை. நான் தந்த தைலத்தை முழங்காலுக்குப் பூசுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டையே சொந்தக்காரர் விற்கப்போகிறார். நான்கு படுக்கையறை, நிலக்கீழறை, இரண்டு கார் நிற்கும் கராஜ், பின்னால் பந்து விளையாடலாம் போல ஒரு வளவு. பியோர்ண்டால் வீட்டை விற்று வங்கிக் கடனைக் கட்டினால் மிச்சக் காசில் இதைக் கடனே இல்லாமல் வாங்கலாம். நம்புகிறீர்களா? "ஒஸ்லோவிலை இந்தக் காசுக்கு ஒரு கார் நிப்பாட்டிற இடமும் சைக்கிள் கொட்டிலும் வாங்கலாம்" என்று மகேசன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெற்றோல் அங்கத்தைய விலையில் பாதியும் இல்லை. கோழி மலிவு. பெரிய அரிசிப் பை மலிவு. வெளியே போய் மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரும் காசுக்கு ஒஸ்லோவில் ஒருவர் சாப்பிட்டுப் பாதிப் பசியோடு எழும்புவார். முட்டை மட்டும் இந்த வருடம் கோபித்துக்கொண்டிருக்கிறது. பர்மாக்காரரின் கடையொன்றில் வல்லாரை கிடைக்கிறது, அக்கா! பச்சைப் பசேலென்று, கட்டுக் கட்டாக. அங்கே விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருவோமே, இங்கே இரண்டு கட்டாக வாங்குகிறேன். ஒன்றுதான் பிடிக்கவில்லை: விலைச்சீட்டில் இருப்பது விலையல்ல. வரியைக் காசாளரிடம் போன பிறகுதான் போடுவார்கள். நான் எல்லாவற்றையும் குரோனராக மாற்றிப் பார்த்துக்கொண்டே நடப்பேன். "அம்மா, இனி டொலரிலை யோசியுங்கோ" என்று சோபிகா கடை நடுவில் வைத்துப் பகிடி பண்ணுகிறாள்.

ஆகவே விற்கலாம், அக்கா.

முன்வாசல் படியில் அந்த மின்குமிழ் இன்னும் கண் சிமிட்டுகிறதா? வசந்த டுக்னாட் எப்போது? கட்டடத்தார் எல்லாரும் சம்பளமில்லாமல் இறங்கி முற்றம் கூட்டி, வேலிக்கு வர்ணம் பூசி, கடைசியில் வாஃபிள் தின்கிற அந்தச் சனிக்கிழமை வந்தாலே எனக்குத் தலையிடி வரும், ஞாபகமா? இப்போது சும்மா கேட்கிறேன்.

உங்கள்
கஜி


லோரன்ஸ்கூக்
23 மார்ச் 2025

அன்பின் கஜிக்கு,

தைலம் பூசுகிறேன். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறந்துவைக்கிறார். அதிலிருந்து தைலம் வேலை செய்வது தெரிகிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாள் முழுக்க நகரசபையில் புள்ளிவிபரத்தோடு மாரடிப்பவள் அல்லவா, முதல் தரம் விலைகளைச் சரிபார்த்தேன். நீ சொல்வது சரிதான். இப்படியான ஊர்களை ஒப்பிடும் இணையத்தளங்களும் அதையே சொல்கின்றன.

இரண்டாம் தரம் வாசித்தபோது, இல்லாதவற்றைப் பார்த்தேன். பெற்றோல் விலை இருக்கிறது, நீ கார் ஓட்டுகிறாயா என்று இல்லை. இருமல் போய்விட்டது என்று இருக்கிறது, வைத்தியரிடம் காட்டினாயா என்று இல்லை. கோழியின் விலை இருக்கிறது, அதை உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர் யார் என்று இல்லை. மகேசனையும் சோபிகாவையும் விட்டால், கஜி, உன் கடிதத்தில் ஒரு மனிதரின் பெயரும் இல்லை.

குறையாகச் சொல்லவில்லை. கேட்கிறேன்.

மின்குமிழ் இன்னும் சிமிட்டுகிறது. டுக்னாட் மே மாதம் முதல் சனிக்கிழமை.

சத்தியபாமா


ஃபோர்ட் வேய்ன்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதவென்று பல தரம் இருந்தேன். ஒவ்வொரு தரமும் எழும்பிச் சமைக்கப் போய்விட்டேன். இந்த மாதம் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம்.

பெயர் கேட்டீர்களே, இதோ ஒன்று: மார்க்கஸ்.

கார் ஓட்டப் படித்துவிட்டேன். அனுமதிப் பத்திரமும் கைப்பையில் இருக்கிறது. ஆனால் பெரிய பாதையில், எதிரே வரும் கார்களுக்கு நடுவால் இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்விடுகிறேன். எனவே நூலகத்துக்கு நடந்து போகலாம் என்று வெளிக்கிட்டேன். இங்கே நடைபாதை என்பது எங்கள் தெரு முடிகிற இடத்தில் தானும் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் புல்லும் கார்களும்தான். நானும் ஒஸ்லோவில் செய்வதுபோல, வாகனக்காரருக்குத் தெரியட்டும் என்று மஞ்சள் ஒளிர்சட்டையைப் போட்டுக்கொண்டு கரையால் நடந்தேன்.

ஒரு பெரிய வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி, அந்த மூலையில் இருக்கும் பள்ளத்தை எப்போது அடைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். றோட்டுத் திருத்த வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்! இல்லை, நான் உங்கள் தெருவில்தான் இருக்கிறேன் என்றேன். கார் பழுதா என்றார். இல்லை, நடக்க விருப்பம் என்றேன். அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். பிறகு, தன் பெயர் மார்க்கஸ், மூன்றாம் வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கண்டால் கை காட்டுவார். அவ்வளவுதான்.

வைத்தியரிடம் போகவில்லை. காப்புறுதி இருக்கிறது. ஆனால் போனால் எவ்வளவு வரும் என்று போவதற்கு முன் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தானே போகிற இருமல் போகட்டும் என்று விட்டேன்.

உங்கள் கடிதத்தை நானும் இரண்டு தரம் வாசித்தேன், அக்கா. அதில் ஜன்னல் திறக்கிற ஒருவர் இருக்கிறார், அவருக்கும் பெயர் இல்லை. முதல் கடிதத்தில் ஜெனிதாவும் ஹரிசனும் இருந்தார்கள், அவர்கள் என் வீட்டில் குடியிருப்பவர்கள். நீங்கள் யாரோடு கதைக்கிறீர்கள்?

கஜி


லோரன்ஸ்கூக்
4 மே 2025

அன்பின் கஜிக்கு,

ஒளிர்சட்டைக் கதையை வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். இடப்பக்கம் திரும்பப் பயமென்றால் வலப்பக்கம் மூன்று தரம் திரும்பு. அதே இடத்துக்குப் போகலாம்.

நேற்று டுக்னாட். வீட்டுச் சொந்தக்காரியின் பிரதிநிதியாக நான் போனேன். கையில் ஒரு வாரியைத் தந்தார்கள். பனியில் வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கப் போட்ட சரளைக்கல்லைப் புல்லிலிருந்து வாரி எடுப்பது என் பொறுப்பு. ஜெனிதா வாஃபிள் சுட்டாள், பாதி கருகியது. எல்லாரும் தின்றார்கள். ஏணி வந்திருந்ததால் ஹரிசன் அந்த மின்குமிழையும் மாற்றிவிட்டான். இனிச் சிமிட்டாது.

வீட்டுக்கு விலை மதிப்பிட ஒருவர் வந்து போனார். நீ எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான். மகேசன் சந்தோசப்படுவார்.

நீ கேட்டதற்கான பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

சத்தியபாமா


ஃபோர்ட் வேய்ன்
25 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இங்கத்தைய வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார். மகேசன் முடிவெடுத்துவிட்டார். விற்றுவிடுங்கள். பியோர்ண்டால் நிலக்கீழறையில் இருக்கும் எங்கள் பெட்டிகளில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறியலாம்.

மின்குமிழ் மாற்றியதற்கு ஹரிசனுக்கு நன்றி சொல்லவும்.

கஜி


லோரன்ஸ்கூக்
15 யூன் 2025

அன்பின் கஜிக்கு,

நான் விற்கவில்லை.

உன் கடிதத்தில் "மகேசன் முடிவெடுத்துவிட்டார்" இருந்தது, "விற்றுவிடுங்கள்" இருந்தது. உன் விருப்பம் எந்த வரியிலும் இல்லை. முழங்காலைக்கூட விசாரிக்கவில்லை. (பரவாயில்லை. கோடை வந்ததும் சரியாகிவிட்டது.)

போன கிழமை மகேசன் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டார். உனக்குச் சொன்னாரோ தெரியாது.

"மச்சாள், ஏன் இழுக்கிறியள்? வீட்டுக்காரன் ஒற்றைக்காலிலை நிக்கிறான்."

"கஜிக்கு விருப்பமோ?"

"ஓமெண்டுதான் சொல்லுறாள்."

"அவளாச் சொன்னவளோ, நீங்கள் கேட்டுச் சொன்னவளோ?"

இயந்திரச் சத்தத்தை விட்டு அவர் வெளியே நடப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "மச்சாள், ஒஸ்லோவிலை இதே கம்பனியிலை பழுதான மெசினுக்குப் பக்கத்திலைதான் நிண்டனான். நான் என்ன படிச்சனான் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. இஞ்சை மெசின் வாங்க முதல் என்னைக் கேக்கிறாங்கள். அதை விட்டிட்டு வா எண்டு அவள் சொன்னால் வருவன். ஆனால் அவள் வாயாலை சொல்லவேணும். நானாக் கண்டுபிடிக்கேலாது. முந்தி நான் காதைப் பொத்துமட்டும் கதைக்கிறவள். இப்ப விலை மட்டுந்தான் கதைக்கிறாள்."

நான் இவரைப் பற்றி வேறு விதமாக நினைத்திருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

இனி, நீ ஏப்ரலில் கேட்டதற்குப் பதில். அலுவலகத்தில் "காலை வணக்கம்", வெள்ளிக்கிழமைகளில் "நல்ல வார இறுதி". சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு கோப்பி, கையில் ஒரு புத்தகம். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக் குழாய், அல்லது குழாய் ஒழுகாவிட்டால் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போவது. இதனால்தான் இந்த விடயத்தில் நீ என் அறிவுரையை நம்பக்கூடாது. நீ திரும்பி வருவதில் எனக்கு இலாபம் இருக்கிறது.

ஜெனிதா பிள்ளைத்தாச்சி. டிசம்பருக்கு. இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். விற்கச் சொன்னாலும் வேண்டாம் என்றாலும் நான் செய்வேன், கஜி. ஆனால் சொல்வது நீயாக இருக்க வேண்டும்.

சத்தியபாமா


ஃபோர்ட் வேய்ன்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள சத்தியாக்காவுக்கு,

முழங்காலை விசாரிக்காமல் விட்டது என் பிழைதான். இப்போது விசாரிக்கிறேன், இரண்டு முழங்காலையும்.

இரண்டு மாதமாக எழுதாததற்கு வெக்கையைச் சாட்டலாம் என்று பார்த்தேன். உண்மை என்னவென்றால், எனக்கே தெரியவில்லை, அக்கா. மகேசனுக்கு இங்கே முதுகு நிமிர்ந்திருக்கிறது, கண்ணால் காண்கிறேன். சோபிகா பள்ளிக்கூட இசைக்குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள், கேட்கத்தான் முடியவில்லை. என்னால் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் எல்லாக் கராஜ் கதவுகளும் திறக்கும், கார்கள் போகும். பின்னேரம் திறக்கும், கார்கள் உள்ளே போகும், மூடும். மூன்று வருடமாக இந்தத் தெருவில் நடந்து போகிற ஒருவருடைய சப்பாத்தையும் நான் கண்டதில்லை. மகேசனிடம் இதை எப்படிச் சொல்வது? வீடு மலிவு, ஆனால் சப்பாத்துத் தெரியவில்லை என்றா?

தெரு முடிவில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் எல்லை வரைக்கும் கோடு பிடித்ததுபோலப் புல் வெட்டுவார். வாய்க்கால் யாருடையதுமில்லை. முறிந்த கிளையும் குப்பையும் அடைத்து, மழை பெய்தால் தெருவெல்லாம் தண்ணீர். நகரசபை வரிசையில் வைத்திருக்கிறதாம். போன மழைக்கு ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாயிலிருந்து தானாக வந்தது: இதுக்கு ஒரு டுக்னாட் வைச்சால் அரை நாள் வேலை. நானா சொன்னேன்! பியோர்ண்டாலில் டுக்னாட் நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருந்த நான்!

வாய்க்கால் துப்புரவாக்க வாருங்கள் என்று ஓர் அறிவித்தலை அச்சடித்து, அங்கே செய்வதுபோல ஒவ்வொரு வீட்டுத் தபால்பெட்டிக்குள்ளும் போட்டேன். கடைசிப் பெட்டிக்குப் போகிறேன், மார்க்கஸ் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். முத்திரையில்லாத கடதாசியைத் தபால்பெட்டிக்குள் வைப்பது இங்கே சட்டப்படி குற்றமாம். அப்படியென்றால் எடுக்கிறேன் என்றேன். எடுப்பதும் குற்றமாகத்தான் இருக்கும், பேசாமல் எடு என்றார். இரண்டு பேரும் திருடர்போல ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எடுத்துக் கதவுகளில் ஒட்டினோம்.

அடுத்த நாளிலிருந்து விசாரணை. டெபி என்று ஒருத்தி, எதிர்வீடு, "நீங்கள் எந்தத் தேவாலயம்?" என்று கேட்டாள். இன்னொருவர், வீட்டை விற்கப்போகிறீர்களா என்றார். மிசிஸ் ஹார்ட்மன் என்ற வயதான மனுசி, தேர்தலில் நிற்கிறாயா, உனக்கு வாக்குரிமையே இல்லையே என்று கவலைப்பட்டாள். சும்மாதான் என்று சொன்னால் ஒருவரும் நம்புகிறார்களில்லை.

ஒஸ்லோவிலிருந்து சுமந்து வந்த, வாஃபிள் சுடும் மின்னிரும்பைத் தேடி எடுத்தேன். இங்கத்தைய மின்சாரம் அதற்குப் போதாது. மா வேகாமல் அப்படியே இருந்தது. ஆகவே வடையும் ரோல்சும்.

செப்டெம்பர் இருபது, சனிக்கிழமை. மகேசனிடம் சொல்லிவிட்டேன்: "ஆராவது ஒராள் வந்தால் வீட்டை விப்பம். ஒருத்தரும் வராட்டில் நானும் பிள்ளையும் ஒக்டோபரிலை ஒஸ்லோவுக்கு." அவர் சரி என்றார். உங்களுக்கும் அதுதான் பதில், அக்கா.

கஜி


லோரன்ஸ்கூக்
7 செப்டெம்பர் 2025

அன்பின் கஜிக்கு,

இரண்டு முழங்காலும் நலம்.

ஒரு சனிக்கிழமையை வைத்து வீட்டை முடிவு செய்வது எந்தக் கணக்கிலும் சேராது. மழை பெய்தால்? தொலைக்காட்சியில் பந்தாட்டம் இருந்தால்? நாய் ஒன்று தப்பி ஓடிவந்தால் அதைப் பிடிக்க வருபவர் கணக்கில் உண்டா? இதை அலுவலகத்தில் யாராவது கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் நாள் உன்னுடையது. வடைக்கு உழுந்தை அதிகம் ஊறவிடாதே, உனக்கு எப்போதும் எண்ணெய் குடிக்கும். குளிராக இருந்தால் கழுத்தை மூடு, இருமல் ஞாபகம் இருக்கட்டும்.

எவராவது வர வேண்டும் என்று விரும்புகிறேனா, வரக்கூடாது என்று விரும்புகிறேனா என்று மட்டும் என்னைக் கேட்காதே.

சத்தியபாமா


ஃபோர்ட் வேய்ன்
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள சத்தியாக்காவுக்கு,

முதுகு, கை, கால் எல்லாம் நோகிறது. சுகமாக இருக்கிறேன்.

பத்து மணி என்று போட்டிருந்தேன். பத்துக்கு நானும் சோபிகாவும் மட்டும், மஞ்சள் சட்டையோடு. வடைத் தட்டை மூடி வைத்துக்கொண்டு நிற்கிறோம். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. சோபிகா என் முகத்தைப் பார்க்காமல் வாரியால் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தாள்.

மேலதிக வேலை என்று காலையில் வெளிக்கிட்டுப் போன மகேசன் காரில் திரும்பி வந்தார். வேலைத்தலத்து நீளச் சப்பாத்து, கையுறை. "நான் கணக்கிலை வருவனோ?" என்றார். வீட்டாள் கணக்கில் இல்லை என்றேன். "அப்ப கணக்கில்லாமல் இறங்கிறன்" என்று சொல்லிவிட்டு நேரே வாய்க்காலுக்குள் இறங்கினார். பியோர்ண்டாலில் ஒரு டுக்னாட்டுக்கும் இறங்காத மனிதர், அக்கா. முழங்கால் வரை சேறு.

பிறகு மார்க்கஸ். கையில் இலை ஊதும் மெசின். நாங்கள் அரை மணித்தியாலமாக வாரிக் குவித்ததை ஒரே ஊதில் எதிர்வீட்டுப் புல்லுக்கு அனுப்பிவிட்டார். அது டெபியின் புல். டெபி வீட்டுச் செருப்போடு சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். மார்க்கஸ் மன்னிப்புக் கேட்க, நான் அவசரத்தில் ஒரு வடையை நீட்டினேன். அதைத் தின்றுகொண்டே திட்டினாள். பிறகு, நீங்கள் பிடிக்கிற விதமே பிழை என்று மகேசனின் கையிலிருந்து கிளையைப் பறித்து அவளே இழுத்தாள். மிசிஸ் ஹார்ட்மன் மடிப்புக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, வேலை செய்யவில்லை, எல்லாரையும் மேற்பார்வை பார்த்தாள். பர்மாக் கடைக்காரி டோ கின் தன் மகனோடு வந்தாள். கடைக்குப் போனபோது வாய்தவறிச் சொல்லியிருந்தேன். ஒரு பை நிறைய வல்லாரை கொண்டு வந்தாள், அதை வைத்து என்ன செய்வதென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன் அடைப்பு விட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு எல்லாரும் எட்டிப் பார்த்தோம். டெபி, அடுத்தது எப்போது என்று கேட்டாள். அடுத்தது!

மகேசன் சேற்றுக்குள் நின்றபடியே என்னைப் பார்த்தார். "இப்ப சொல்லு. நானாக் கண்டுபிடிக்கேலாது."

"நிப்பம்" என்றேன்.

அவ்வளவுதான், அக்கா. விற்றுவிடுங்கள். இந்த முறை நான் சொல்கிறேன். வாஃபிள் இரும்பை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கே அதற்கு வேலையில்லை.

நீங்கள் என்ன விரும்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் கஜி


லோரன்ஸ்கூக்
10 ஒக்டோபர் 2025

அன்பின் கஜிக்கு,

முதுகு நோவு போயிருக்கும். சோபிகாவின் ட்ரம்பெட் எப்படி?

உன் கடிதத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். ஒரு விலைகூட இல்லை. ஆனாலும் எனக்காக இட்டுக்கட்டினாயோ என்று ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். பிறகு டெபி திட்டிக்கொண்டு வந்த இடத்தை மறுபடி வாசித்தேன். இட்டுக்கட்டுகிறவள் எல்லாரையும் சிரித்த முகத்தோடுதான் வரவைப்பாள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைத்தேன். கையெழுத்து என்பது மரியாதைக்குச் சொல்வது. மதிய இடைவேளையில், சாப்பாட்டு மேசையில், கைத்தொலைபேசியில் விரலை வைத்தேன், முடிந்தது. நான் நல்ல பேனையொன்று கொண்டு போயிருந்தேன். எதிரே இருந்த, அந்த ஜன்னல் திறக்கிறவள் (பெயர் சீறி), என்ன விடயம் என்று கேட்டாள். என் தங்கை வீட்டை விற்றுவிட்டாள் என்றேன். அவள் எழும்பிப் போய் எனக்கும் ஒரு கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ஜெனிதா போனில் அழுதாள். ஹரிசன் உடனே சின்ன அறையை அளந்துவிட்டானாம். அடுத்த கோடையில் நீங்கள் மூவரும் வந்தால் அந்த அறை உங்களுக்கு, பிள்ளை அவர்களோடு படுக்கும் என்கிறார்கள். மார்ச் மாதத்துக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

இரும்பு வந்து சேர்ந்தது. அதை அனுப்பிய தபால் செலவுக்கு ஸ்ட்ரோம்மனில் இரண்டு புதிதாக வாங்கலாம். மகேசனிடம் சொல்லாதே. நாளைக்குப் பியோர்ண்டாலில் இலையுதிர்கால டுக்னாட். "அன்ரி, வாஃபிளுக்கு உங்கடை பேரைக் குடுத்தாச்சு" என்கிறாள் ஜெனிதா. நான் இனி அங்கே எவருடைய பிரதிநிதியும் இல்லையே என்றேன். "அதுக்கென்ன?" என்றாள். முழங்காலும் முறைக்கத் தொடங்கிவிட்டது. போவேன் என்று தோன்றவில்லை.

சத்தியபாமா

11 ஒக்டோபர், சனி. நேற்றைய கடிதத்தை அனுப்ப மறந்துவிட்டேன், ஆகவே இன்று நடந்ததையும் சேர்க்கிறேன். மழை தூறியது. போனேன். ஜெனிதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதிரையில் இருந்து எல்லாரையும் ஏவினாள். முதல் வாஃபிள் ஒட்டி இரண்டாகக் கிழிந்தது, அதை நானே தின்றேன். இரண்டாவது சரியாக வந்தது. பிறகு வரிசை. மழைச்சட்டை போட்ட ஒரு வயதான நோர்வேக்காரர் முன்னால் வந்து, எந்த வாசல் பக்கம் குடியிருக்கிறீர்கள், உங்களை முன்பும் கண்டிருக்கிறேனே என்றார். நான் இங்கே குடியிருப்பவள் இல்லை என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார்.